சமையலறையில் ஜிஞ்சர்பிரெட் கிறிஸ்துமஸ்: நமுத்துப்போகாத, எறும்பு மொய்க்காத அலங்காரங்கள்

ஜிஞ்சர்பிரெட் என்பது சுக்கு, பட்டை சேர்த்துச் சுடும் பழுப்பு பிஸ்கட். ஜிஞ்சர்பிரெட் அலங்காரம் என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை பனி பெய்கிற ஊர்களில் எடுத்தவை. அங்கே டிசம்பரில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஹீட்டர் போடுவார்கள். வீட்டுக்குள் காற்று வற்றல் போடலாம் என்கிற அளவுக்கு வறண்டிருக்கும். சுட்ட பிஸ்கட்டில் கட்டிய வீடு மூன்று வாரம் மேசைமேல் விறைப்பாக நிற்கும். அதே வீட்டை மழை ஓயாத சென்னையிலோ தூத்துக்குடியிலோ, அதுவும் தினம் ஆறு விசில் அடிக்கிற சமையலறையில் வைத்துப் பாருங்கள். பிஸ்கட்டில் உள்ள சர்க்கரையும் வெல்லமும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கூரை தொய்யும். அதற்குள் எறும்பு வரிசை கட்டியிருக்கும்.

ஆகவே மேடையிலும் சுவரிலும் ஜன்னலிலும் வைப்பதெல்லாம் பட்டைத்தூள், அட்டைப்பெட்டி, துணி. நிஜமாகச் சுட்டது ஒரே ஒரு கண்ணாடி ஜாடிக்குள், அதுவும் கடைசி இரண்டு நாளில். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். குரோஷியாவின் வடபகுதியில் ‘லிசிதார்’ என்ற சிவப்பு இதய வடிவ ஜிஞ்சர்பிரெட் செய்கிறார்கள். சுட்டு, காயவைத்து, சாயம் பூசி, நடுவில் சின்னக் கண்ணாடித் துண்டும் பெயரும் வைத்துப் பரிசாகக் கொடுப்பார்கள். அதை மாட்டி வைப்பார்களே தவிர, பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2010ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சாப்பிடாமல் பார்ப்பதற்கென்றே ஜிஞ்சர்பிரெட் செய்வது ஐரோப்பாவில் பழைய வழக்கம்தான்.

முதலில் நிறம்

ஒரு பொருளை ஜிஞ்சர்பிரெட் மாதிரி காட்டுவது மூன்றே விஷயம்: பளபளப்பில்லாத பழுப்பு, அதன் விளிம்பை ஒட்டிப் போகும் வெள்ளைக் கோடு, எண்ணி வைத்த சில சிவப்புப் பொட்டுகள். அட்டைப்பெட்டியின் இயல்பான நிறமே சரியான பழுப்பு. அதன்மேல் பழுப்பு பெயின்ட் அடித்தால் சாக்லேட் ஆகிவிடும். கூர்முனை எங்கேயும் இருக்கக் கூடாது. மாவு சூட்டில் சற்றே பரவி உருண்டுவிடும் என்பதால் நிஜ ஜிஞ்சர்பிரெட்டின் மூலைகள் மழுங்கித்தான் இருக்கும். அட்டையில் வெட்டும்போதும் மூலைகளை அப்படியே வளைத்து வெட்டுங்கள். பாதி தோற்றம் அதிலேயே வந்துவிடும்.

தங்க நிற ஜிகினாத்தூள் வேண்டாம். அழகு கெடுவது ஒருபுறம், சமையலறையில் அது சாம்பாரில் விழும்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

செய்ய ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம் சமையலறையில் நின்று பாருங்கள். அடுப்பிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் தூரத்துக்கு அட்டை, துணி, ரிப்பன் எதுவும் வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலே எதையுமே தொங்கவிடக் கூடாது; சிம்னியின் முகப்பும் இதில் சேரும். எக்ஸாஸ்ட் ஃபேன் இழுக்கும் பக்கத்தில் தோரணம் கட்டினால் அது ஆடி ஆடி அடுப்புப் பக்கமே வரும். ரெகுலேட்டர், கேஸ் டியூப், ஸ்விட்ச் போர்டு ஆகியவற்றை மறைக்காதீர்கள்.

நல்ல இடங்கள்: ஜன்னல் கம்பி, அடுப்புக்கு எதிர்ச்சுவரில் இருக்கும் திறந்த அலமாரி, கப்போர்டு கைப்பிடிகள், பரணின் விளிம்பு, ஃப்ரிட்ஜின் முன்கதவு. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டை விட்டுவிடுங்கள். இப்போது வரும் பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவருக்குள்தான் ஓடுகின்றன. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் அட்டையை ஒட்டினால் சூடு வெளியேறாமல் மோட்டார் கூடுதலாக ஓடும்.

ஒட்டும் முன் டைல்ஸைத் துடைப்பதுதான் பலர் தவறவிடும் வேலை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் எல்லாச் சமையலறைச் சுவரிலும் உண்டு. வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து துடைத்து, காயவிட்டு, பிறகு சானிடைசர் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். அதன்பின் டபுள் டேப் ஒட்டினால் ஜனவரி வரை நிற்கும். வேக்குவம் கொக்கி வேண்டாம். ஆவியும் சூடும் மாறி மாறிப் பட்டு, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு விழும்.

பட்டைத்தூள் பொம்மைகள்

மொத்த அலங்காரத்தில் உயிர் இதில்தான் இருக்கிறது. நிறம், சொரசொரப்பு, வாசனை மூன்றும் நிஜம். சர்க்கரை சேர்ப்பதில்லை. 7 செ.மீ. உயரத்தில் பதினைந்து பொம்மைகளுக்குத் தேவையானவை:

- பட்டைத்தூள் 100 கிராம், உருட்டும்போது தூவ இன்னும் 20 கிராம்
- நடுத்தர அளவு ஆப்பிள் 2
- ஃபெவிகால் 1 மேசைக்கரண்டி
- கிராம்புத்தூள் அரை தேக்கரண்டி (வாசனைக்கு, இல்லாவிட்டாலும் பரவாயில்லை)

விலை உயர்ந்த சுருள் பட்டை இதற்குத் தேவையில்லை. பிரியாணிக்குப் போடும் தடித்த சாதாரண பட்டையே நல்லது. அதில் பசைத்தன்மை அதிகம், மாவு நன்றாகப் பிடிக்கும். வீட்டில் அரைத்தால் மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். நார் இருந்தால் வெட்டும்போது விளிம்பு பிய்யும். அரைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தூள் தொண்டையைப் பிடிக்கும்.

1. ஆப்பிளைத் தோல் சீவி, நறுக்கி, இரண்டு கரண்டி தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். மசித்து, அடுப்பிலேயே கிளறித் தண்ணீரை வற்ற வையுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். 150 கிராம் கூழ் போதும். முழுக்க ஆறவிடுங்கள்.

2. பட்டைத்தூளில் ஃபெவிகாலையும் முக்கால் பங்கு கூழையும் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் உதிரும். அவசரப்பட்டு மீதிக் கூழைக் கொட்டாதீர்கள். மூடி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தூள் ஈரத்தைக் குடித்துக் கொழகொழப்பாகி, தானே ஒன்று சேரும். அப்போதும் வெடித்தால் மட்டும் ஒவ்வொரு கரண்டியாகக் கூழ் சேருங்கள்.

3. இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து 5 மி.மீ. கனத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் தேயுங்கள். கனம் ஒரே சீராக வர, இருபக்கமும் ஒரே தடிமனான இரண்டு ஸ்கேலை வைத்து அவற்றின் மேல் கட்டையை உருட்டலாம்.

4. அச்சு இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் அட்டையில் பொம்மை உருவம் வெட்டி, மாவின்மேல் வைத்துச் சிறு கத்தியால் சுற்றி அறுத்தெடுங்கள். கத்தியை இழுக்காமல் குத்திக் குத்தி நகர்த்த வேண்டும். இழுத்தால் கை கால் நீளும். கழுத்தை மட்டும் சற்று அகலமாக விடுங்கள். உடைகிற பொம்மைகள் பெரும்பாலும் கழுத்தில்தான் உடையும்.

5. தடித்த ஸ்ட்ராவால் தலையில் துளை போடுங்கள். 6 மி.மீ. இருக்கட்டும். காயும்போது பொம்மை பத்தில் ஒரு பங்கு சுருங்கும், துளையும் கூடவே சுருங்கும்.

காயவைப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். தட்டில் வைத்துக் காயவிட்டால் மேல்பக்கம் முதலில் சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். பொம்மை பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். கம்பி வலைத் தட்டில் வைத்து, இருபக்கமும் காற்று படவிடுங்கள். ஓடிஜி (சிறிய மின் ஓவன்) இருந்தால் அதன் குறைந்த சூட்டில், அதாவது 100 டிகிரிக்கு மேல் போகாமல், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் மின்விசிறிக்குக் கீழே மூன்று நான்கு நாள் ஆகும். காலை, மதியம், இரவு திருப்பிப் போடுங்கள். வளைய ஆரம்பித்தால் இன்னொரு கம்பி வலையை மேலே கவிழ்த்து லேசான பாரம் வையுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வெள்ளைக் கோடு போட்டு டப்பாவில் அடைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பூக்கும்.

இவற்றைச் சாப்பிடக் கூடாது, ஃபெவிகால் சேர்ந்திருக்கிறது. வாசனையே குழந்தைகளைக் கூப்பிடும் என்பதால் கைக்கெட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

உப்பு மாவு பற்றி

இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர், நிறத்துக்கு இரண்டு கரண்டி கோகோ. செலவு மிகக் குறைவு, பட்டை மாவைவிடக் குழைவாகவும் இருக்கும். ஆனால் கடலோர ஊர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்கால விடியற்காலையில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். பொம்மைக்கும் அதே கதிதான். முதலில் வியர்க்கும், பிறகு மாட்டிய இடத்திலிருந்து மெதுவாகத் தொய்யும்.

கோவை, மதுரை போல் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் செய்து பார்க்கலாம். 100 டிகிரியில் மூன்று மணி நேரம் உலர்த்துங்கள். சூட்டைக் கூட்டினால் உள்ளே ஆவி அடைபட்டுப் பூரி மாதிரி உப்பும். ஆறிய பிறகு முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, துளையின் உட்புறம் என்று ஓரிடம் விடாமல் இரண்டு கோட் வார்னிஷ் அடிக்க வேண்டும். நாய் வளர்க்கும் வீடு என்றால் உப்பு மாவே வேண்டாம். ஒன்றிரண்டு பொம்மையைத் தின்றாலே அவ்வளவு உப்பும் நாய்க்கு விஷமாகிவிடலாம்.

வெள்ளை ஐசிங், சர்க்கரை இல்லாமல்

பட்டை பொம்மைக்கும் அட்டை வீட்டுக்கும் ஒரே பசைதான். சாக் பவுடர் 4 கரண்டி, ஃபெவிகால் 2 கரண்டி, வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் 1 கரண்டி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கட்டியில்லாமல் குழையுங்கள். ஃபெவிகால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். பெயின்ட் சேர்க்காவிட்டால் இரவு வெள்ளையாக இருந்த கோடு காலையில் மங்கிப்போயிருக்கும். கரண்டியைத் தோய்த்துத் தூக்கினால் பசை முனையாக எழுந்து, நுனி மட்டும் மெல்லச் சாய வேண்டும். முனை எழாமல் வழிந்தால் சாக் பவுடர் சேருங்கள். விறைத்து நின்றால் தண்ணீர்.

சிலர் சாக் பவுடருக்குப் பதில் சுவருக்குப் பூசும் வெள்ளை புட்டியைப் போடுவார்கள். கோடு உறுதியாக வரும். ஆனால் அதில் சிமென்ட் இருப்பதால் கையை அரிக்கும், கோனுக்குள்ளேயே இறுகியும் போகும். கையுறை போட்டு, அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் கலக்குங்கள்.

கோனுக்குக் கேக் சாமான் கடைக்குப் போக வேண்டாம். மருதாணி கோன் சுற்றுகிற மாதிரி பிளாஸ்டிக் தாளைச் சுற்றி டேப் ஒட்டினால் போதும். நன்றாகக் கழுவிக் காயவைத்த பால் கவரின் மூலையும் உதவும். நுனியில் 2 மி.மீ. மட்டும் வெட்டுங்கள்.

கோடு நடுங்குவதற்குக் காரணம் கை நடுக்கம் அல்ல, நுனியைப் பரப்பில் வைத்து எழுதுவது. தொடங்கும் இடத்தில் நுனியால் தொடுங்கள். பசை ஒட்டியதும் கோனை ஒரு விரலுயரம் தூக்கி, அழுத்திக்கொண்டே கையை நகர்த்துங்கள். பசை ஒரு கயிறாக அந்தரத்தில் தொங்கி, நீங்கள் காட்டும் பாதையில் தானாக விழும். முடிக்கும் இடத்துக்கு அரை அங்குலம் முன்பே அழுத்துவதை நிறுத்திவிட்டு நுனியைத் தொட்டு எடுங்கள். மருதாணி போடத் தெரிந்தவருக்கு இது இரண்டு நிமிடத்தில் பிடிபடும். மற்றவர்கள் பழைய செய்தித்தாளில் பத்து வளைவு போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளிப் போடுங்கள். அந்தப் பழுப்பு ஓரம் தெரிந்தால்தான் பிஸ்கட் மாதிரி இருக்கும்.

பொத்தானுக்குச் சிவப்புக் குன்றிமணி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது விஷம். சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள். சிவப்பு அக்ரிலிக்கைத் தீக்குச்சி முனையால் தொட்டு வையுங்கள். தடித்த கோடு காய ஓர் இரவு ஆகும். ஃபேன் காற்றை நேராகக் காட்டினால் மேலே தோல் கட்டி வெடிக்கும்.

அட்டை வீடு

ஃப்ரிட்ஜின்மேலோ அலமாரியிலோ வைக்க நடுத்தர அளவு வீடு. 3 பிளை (மூன்று அடுக்கு) அட்டைப்பெட்டி எடுங்கள். 5 பிளை ஜன்னல் வெட்டக் கையை ஒடித்துவிடும். அட்டையின் உள்ளே நெளிநெளியாக ஓடும் வரிகளைக் கவனியுங்கள். சுவர்த் துண்டுகளில் அந்த வரி மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போதுதான் கூரையின் பாரத்தைத் தாங்கும். குறுக்கே ஓடினால் ஈரக்காற்றில் சுவர் வயிறு தள்ளும்.

வெட்ட வேண்டியவை:

- பக்கச் சுவர் 2: நீளம் 20 செ.மீ., உயரம் 12 செ.மீ.
- முன், பின் சுவர் 2: அகலம் 14 செ.மீ., ஓரங்களில் உயரம் 12 செ.மீ., நடு உச்சி 20 செ.மீ.
- கூரை 1: 24 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம், நடுவில் மடிப்பு
- அடித்தட்டு 1: 26 செ.மீ. x 20 செ.மீ.

கூரையில் மடிப்பு நெளிவரிக்கு இணையாக இருக்கட்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடித்தால் கத்தி மாதிரி மடியும்.

கதவு, ஜன்னல்களை வெட்டிவிட்டு உள்பக்கமிருந்து மஞ்சள் செலோபேனோ பட்டர் பேப்பரோ ஒட்டுங்கள். பின்சுவரில் 6 செ.மீ. x 4 செ.மீ. திறப்பு விடுங்கள். பேட்டரி சீரியல் லைட்டின் டப்பா வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு இரவும் அணைக்கக் கூரையைப் பிய்க்க நேரும்.

இப்போது முக்கியமான வரிசை: ஐசிங் கோடுகள் முதலில், வீட்டைக் கூட்டுவது பிறகு. சுவர்கள் மேசைமேல் படுத்திருக்கும்போதே செங்கல் வரி, ஜன்னல் சட்டம், கதவு வளைவு எல்லாம் போட்டு ஓர் இரவு காயவிடுங்கள். நின்ற சுவரில் போட்டால் பசை கீழே வழியும். பசையின் ஈரத்தில் அட்டை முன்பக்கம் வளைவது வழக்கம். பின்பக்கத்தை ஈரத் துணியால் லேசாக ஒற்றினால் சமமாகும்.

மறுநாள் பக்கச் சுவர்கள் முன், பின் சுவர்களுக்கு நடுவே வருமாறு குளூ கன்னால் ஒட்டி, அடித்தட்டில் நிறுத்துங்கள். மூலைகளில் சூடான பசை கோணல்மாணலாகத்தான் தெரியும். அதன்மேல் தடித்த வெள்ளைக் கோடு ஒன்று விட்டால் மறைந்துவிடும்.

கூரை ஓடுகளுக்கு அட்டை வேண்டாம், மெல்லிய பழுப்புத் தாளே போதும். 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பை அரைவட்ட அரைவட்டமாக நறுக்குங்கள். கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேலே போங்கள்; ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையை 1 செ.மீ. மூட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஓடு தலைகீழாகத் தெரியும். உச்சி மடிப்பில் வெள்ளைப் பசையைத் தாராளமாக விட்டு, ஓரங்களில் சொட்டி உறைந்த மாதிரி நீளமும் குட்டையுமாக இழுத்துவிடுங்கள்.

உள்ளே மெழுகுவத்தி ஏற்றக் கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. பேட்டரி விளக்கு மட்டும்.

ஜன்னல் தோரணமும் ஃப்ரிட்ஜ் முகப்பும்

மிச்ச அட்டையில் 12 செ.மீ. பொம்மைகள் வெட்டுங்கள். 120 செ.மீ. ஜன்னலுக்கு 150 செ.மீ. சணல் கயிறும் எட்டு பொம்மைகளும் கணக்கு. ஒரே துளையில் கோத்தால் பொம்மை காற்றில் திரும்பி முதுகைக் காட்டும். இரண்டு கையிலும் துளை போட்டுக் கயிற்றைப் பின்பக்கமாக ஓட்டுங்கள். கைகோத்து நிற்கிற மாதிரியும் தெரியும். இடையிடையே காய்ந்த ஆரஞ்சு வட்டம் கோக்கும் வழக்கம் உண்டு. இங்கே அது இரண்டே நாளில் பிசுபிசுக்கும். முழுப் பட்டைக் குச்சிகளைச் சிவப்பு நூலால் கட்டிக் கோக்கலாம்.

ஃப்ரிட்ஜின் முன்கதவைப் பெரிய ஜிஞ்சர்பிரெட் வீடாக மாற்ற அரை மணி நேரம் போதும். பழுப்புத் தாளில் கதவு, இரண்டு ஜன்னல், வெள்ளைத் தாளில் வளைவு வளைவான கூரை ஓரம். பின்னால் காந்தப் பட்டை ஒட்டினால் கழற்றித் துடைக்கலாம். கதவின் ரப்பர் விளிம்பில் தாள் சிக்கக் கூடாது. ஒரு நூலளவு இடைவெளி விழுந்தாலும் குளிர்ச்சி வெளியேறும்.

கைப்பிடிகளுக்கு ஃபெல்ட் துணி. அடிக்கடி தொடும் இடம் என்பதால் அட்டை அழுக்காகும், பட்டை பொம்மை உடையும். 8 செ.மீ. பொம்மை இரண்டாக வெட்டி, விளிம்பில் வெள்ளை எம்பிராய்டரி நூலால் காஜா தையல் போட்டு, நடுவில் கொஞ்சம் பஞ்சு அடைத்தால் போதும். ஆறு இழை நூலில் மூன்றை மட்டும் பிரித்தெடுங்கள். ஆறும் சேர்ந்தால் தையல் முரடாகத் தெரியும்.

ஜாடிக்குள் நிஜமானது

23ஆம் தேதி சுடுங்கள். 10 செ.மீ. அளவில் ஏறத்தாழ 25 வரும். மைதா 450 கிராம், வெண்ணெய் 115 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 75 மி.லி., சுக்குத்தூள் 2 தேக்கரண்டி, பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, வெண்ணெயைப் போட்டு உருக்குங்கள். பாகு பதம் வரக் கூடாது, கரைந்தாலே போதும். கொதித்துப் பாகானால் பிஸ்கட் கல்லாகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் சலித்த மாவுடன் பிசைந்து, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓரம் வெடித்தால் ஒரு கரண்டி பால். சோடாவைக் கூட்ட வேண்டாம். கூடினால் பொம்மையின் இடுப்பு காணாமல் போகும்.

பட்டர் பேப்பர் மேலேயே 5 மி.மீ. தேய்த்து, அங்கேயே வெட்டி, சுற்றியுள்ள மிச்ச மாவை மட்டும் உரித்தெடுங்கள். வெட்டிய பொம்மையைக் கையால் தூக்கினால் ஒரு கால் நீண்டுவிடும். 170 டிகிரியில் 11 முதல் 13 நிமிடம். எடுக்கும்போது நடுவில் லேசாக மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகும். முழுக்க ஆறிய பிறகும் மெத்தென்றே இருந்தால் 100 டிகிரியில் 15 நிமிடம் உலர்த்துங்கள். ஐசிங்குக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், பிறகு செய்தால் வெள்ளை மஞ்சளாகும்.

சாப்பிடும் ஐசிங்குக்கு ஐசிங் சர்க்கரை 200 கிராமுடன் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டித் தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு சேர்த்து நுரைக்க அடியுங்கள். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு தேவையில்லை. கடலையை உப்பில்லாமல் வேகவையுங்கள். பாத்திரத்தில் துளி எண்ணெய் இருந்தாலும் நுரைக்காது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் எண்ணெய் போகவே போகாது, ஆகவே எவர்சில்வர். முழுதும் காய்ந்த பின் இறுக்க மூடும் கண்ணாடி ஜாடியில் அடுக்கி மேடையில் வையுங்கள். அலங்காரத்துக்கு அலங்காரம், கேரல் ரவுண்டு வருபவர்களுக்குக் கொடுக்கவும் ஆச்சு. சூடு ஆறாமல் மூடினால் ஜாடிக்குள் வியர்த்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

கழற்றி வைக்கும்போது

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு கழற்றுவது பலர் வழக்கம். பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிக்கும் முன் முடித்துவிடுங்கள், தூசி படிந்த ஐசிங் கோட்டைத் துடைத்து மீட்க முடியாது. பட்டை பொம்மைகளை மேகமற்ற நாளில் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டி, ஒவ்வொன்றையும் டிஷ்யூ தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் தகர டப்பாவில் அடுக்குங்கள். நாப்தலின் உருண்டை போட்டால் பட்டை வாசனை அதோடு போயிற்று. அடுத்த வருடம் வாசனை மங்கியிருந்தால் பின்பக்கம் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு தேய்த்து, ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் தடவுங்கள். அட்டை வீட்டின் பேட்டரியைக் கழற்ற மறக்க வேண்டாம், கசிந்தால் அட்டையையும் அரிக்கும். வெட்டிய பிளாஸ்டிக் அச்சுகளையும் கூரை அளவு எழுதிய தாளையும் அதே டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.